சல்வீன் ஆற்றில் எங்களைக் கரைசேர்த்தவர்களுக்கு

மோல்மீன் கடைத்தெருவில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கும், ஆற்றங்கரை மோன் கிராமத்து மெக்கானிக் ஐயாவுக்கும், அவர் வீட்டம்மாவுக்கும், வாளி பிடித்த இரண்டு பையன்களுக்கும் ரங்கூனிலிருந்து எங்கள் குடும்பத்தின் வணக்கம். கிராமத்தாருக்கு இதைப் பர்மியத்தில் படித்துச் சொல்லும் வேலை அண்ணனுடையது.

பொங்கல் லீவுக்குக் கூரை போட்ட மரப்படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். இரண்டு இரவும் படகிலேயே தூக்கம், ஆற்றோடு மேலே பா-அன் ஊர் வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. எல்லாம் அப்பத்தாவுக்காக. அவர் பிறந்தது மோல்மீனில். அவருடைய அப்பா இந்த ஆற்றங்கரையில் தேக்கு அறுக்கும் மரமில்லில் வேலை பார்த்தவர்.

கடலேற்றம் பார்த்துக் கிளம்பினோம். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, இன்ஜினிலிருந்து ஆவி. ஆற்றுத் தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிரவைக்கும் பம்பில், ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் பிய்ந்து போயிருந்தன. படகிலிருந்த கருவிகள் ஒரு திருப்புளி, ஒரு குறடு, அவ்வளவுதான். (படகு கொடுத்தவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டோம். அது இங்கே வேண்டாம்.)

சம்பான் என்ற சின்னப் படகில் வந்த ஐயா பம்பைத் திறந்து பார்த்தார், சிரித்தார். கூரைமேல் ஒரு டிரம்மை ஏற்றி, அதிலிருந்து குழாயை நேரே இன்ஜினுக்குள் விட்டார். பையன்கள் இருவரும் மாறி மாறி ஆற்றில் மொண்டு டிரம்மில் ஊற்ற, பம்பே இல்லாமல் மெல்ல ஓட்டி உங்கள் துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். தம்பிகளே, அன்று எத்தனை வாளி ஊற்றினீர்களோ! என் மகன் பத்து வாளியில் உட்கார்ந்துவிட்டான்.

ராத்திரி தண்ணீர் வடிந்ததும் படகு சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அப்பத்தாவை நாற்காலியோடு தூக்கி உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். வெள்ளிக்கிழமை, அவர் கவிச்சி தொடமாட்டார். ங்கப்பி என்ற மீன் விழுது போடாமல் அம்மா தனியாக ஒரு கீரைக் குழம்பு வைத்துத் தந்தார். வாயில் வைத்ததுமே அப்பத்தா, "அட, நம்ம புளிச்சக்கீரை!" என்றார். அதற்குப் பிறகு இருவரும் பேசியதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

பொங்கலுக்கு அடைத்த கடையை எங்களுக்காகத் திறந்து, அளவு பார்த்து ரப்பர் சக்கரத்தை மோட்டார் சைக்கிளில் அனுப்பிய அண்ணனே, வாங்கின விலைக்கு மேல் ஒரு சாட் (பர்மியக் காசு) கூட நீங்கள் வாங்கவில்லை.

சக்கரத்தை மாட்டினால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. இது முழுக்க எங்கள் தப்பு. ராத்திரி முழுக்கப் பிள்ளைகள் பாட்டுப் பெட்டியும் போனும் சார்ஜ் போட்டிருந்தார்கள். ஐயா தம் வீட்டு சோலார் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் திருப்பிக் கொடுத்தனுப்ப எங்களுக்கு மறுநாள் ஆகிவிட்டது. அந்த ஒரு ராத்திரி உங்கள் வீடு எங்களால் இருட்டாகக் கிடந்தது.

பா-அனுக்குப் போகவே இல்லை. ஸ்வேகபின் மலையைத் தூரத்தில் பார்த்ததோடு திரும்பிவிட்டோம். அப்பத்தாவுக்கு அதில் குறையில்லை.

ஐயா, உங்கள் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எங்கள் துணிப்பையோடு ரங்கூன் வந்துவிட்டது. அண்ணன் கடை விலாசத்துக்குப் பஸ்ஸில் போட்டிருக்கிறோம். கூடவே ஒரு டின் முறுக்கு இருக்கிறது. அது வாளித் தம்பிகளுக்கு. ஜேஸூ தின் பாடே, நன்றி.