செங்கோட்டைக்கு அந்தப் பக்கம்

பாப்பா,

நேத்து போன்ல பாதி சொல்றதுக்குள்ள உனக்கு மீட்டிங் வந்துருச்சு, அதான் உக்காந்து டைப் பண்ணிட்டேன், நேரம் கெடைக்கும்போது மெதுவா படி. சனிக்கிழமை மதுரையில குருவாயூர் எக்ஸ்பிரஸ் ஏறி செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியா கொல்லம் வரைக்கும் போய்ட்டு வந்தேன். தனியா இல்ல, ரயில்னா உயிரை விடுற ஒரு கூட்டத்தோட. காலேஜ் பசங்க கொஞ்சப் பேரு, பேங்க்ல வேலை பாக்குற ஒரு பொண்ணு, ரிட்டயர்டு லோகோ பைலட், அதான் இன்ஜின் டிரைவர், அண்ணாச்சி ஒருத்தர், அவங்களோட நான். அப்பா வரல, முட்டிவலி, ஆனா கட்டுச்சோறு மட்டும் நல்லா கட்டிக் குடுத்தாங்க, புளியோதரையும் தொவையலும்.

விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான், வெயில், கருவேலம், பட்டாசு ஆபீஸ் போர்டு. பசங்க அதுலயும் சும்மா இல்ல, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எதிர்ல நிக்கிற வண்டியோட இன்ஜின் நம்பரு, அத வச்சுப் பராமரிக்கிற ஷெட்டு எது, ஈரோடா அரக்கோணமா ராயபுரமான்னு நோட்டுல எழுதுறதும், ஒருத்தன் பாக்காம விட்டத இன்னொருத்தன் சொல்றதும். அண்ணாச்சிதான் சொன்னாவ, விருதுநகர்ல இருந்து தென்காசிக்கு லைன் வந்ததே 1927லதானாம், அதுக்கு முன்னாடி செங்கோட்டைக்குப் போகணும்னா திருநெல்வேலி சுத்தித்தான். சங்கரன்கோவில் தாண்டி கடையநல்லூர் வரும்போது மலை கிட்ட வந்துருச்சு, காத்து மாறிருச்சு, ஜன்னல்ல இருந்த எல்லாரும் ஒரே நேரத்துல எந்திரிச்சு வாசல் பக்கம் போனானுக. நான் ஒரு சத்தம் போட்டேன், படியில தொங்கக் கூடாது, கை நீட்டி போட்டோ எடுக்கக் கூடாது, குகைச் சுவரு எவ்ளோ பக்கத்துல வரும்னு எனக்குத் தெரியும், நான் அந்த ஊர்க்காரின்னு. கேட்டுக்கிட்டானுக.

செங்கோட்டையில வண்டி நின்னதும் எனக்கு என்னமோ பண்ணிருச்சு பாப்பா. தாத்தா வீட்டு ஞாபகம். தாத்தா பொறந்தது திருவிதாங்கூர் ராஜ்யத்துல, 1956 நவம்பர் 1 அன்னிக்கு செங்கோட்டைய மெட்ராஸ் ஸ்டேட்டோட சேத்தாங்க, வீட்டு வாசலை விட்டு ஒரு அடி நகராம மாநிலம் மாறுனவங்க. தாலுகா முழுசா வரல, ஆரியங்காவு பக்கமெல்லாம் கேரளாவுலயே நின்னுருச்சு, சொந்தக்காரங்க பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம், நடுவுல இந்த ரயில்தான் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும். கூட வந்த பொண்ணு வாஞ்சிநாதன் இந்த ஊரான்னு கேட்டா, ஆமாம்மா, ஆஷ் துரைய 1911ல மணியாச்சி ஜங்ஷன்ல சுட்ட அந்த வாஞ்சிதான்னு சொன்னேன், ரயில் பைத்தியம்கிறதால மணியாச்சி மட்டும் அவளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு, ஊர்தான் தெரியல.

செங்கோட்டையிலதான் பின்னாடி இன்னொரு இன்ஜின் மாட்டுவாங்க, பேங்கர். நீ சின்னப் பிள்ளையில பாத்திருக்க. எதுக்குன்னு அன்னிக்கு உனக்கு என்னால சரியா சொல்ல முடியல, இப்ப அண்ணாச்சி சொன்னத அப்படியே சொல்றேன் கேளு. ஏத்தத்துல முன்னாடி இன்ஜின் மட்டும் இழுத்தா மொத்த பாரமும் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்குற கப்ளிங் மேல விழும், அதனால பின்னாடி ஒண்ணு தள்ளுது, பாரம் பாதியா பிரிஞ்சுருது. குகை தாண்டுனதும் புனலூர் வரைக்கும் எறக்கம், அப்ப தள்றதுக்கு வேலை இல்ல, பின்னாடி இன்ஜின் வண்டிய ஓடவிடாம பிரேக்குல புடிச்சுக்கும். ரெண்டு இன்ஜின் ஆளுங்களும் வாக்கி டாக்கியில பேசிக்கிட்டே ஓட்டணும், ஒருத்தர் நெனச்ச மாதிரி ஓட்ட முடியாது. ஸ்பீடு 30 கிலோமீட்டர்தான். செங்கோட்டையில இருந்து புனலூர் 49 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆகட்டுமே, அதுக்குத்தானே போறோம்.

பகவதிபுரம் தாண்டி பெரிய குகைக்குள்ள நுழைஞ்சா இந்தப் பக்கம் வெயிலு, வெளிய வந்தா மழை. நெசமாத்தான் சொல்றேன், சீசன் நேரம்ல, செங்கோட்டையில வெயிலோட லேசா சாரல்தான் இருந்துச்சு, ஆரியங்காவுல கொட்டுது. பசங்க குகைக்குள்ள ஓன்னு கத்துனானுக, நானும் கத்துனேன். அண்ணாச்சி மட்டும் பேசாம நின்னாவ. அப்புறம் சொன்னாவ, கரி இன்ஜின்ல கரி அள்ளிப் போடுற ஃபயர்மேனா சேந்தப்ப இதே குகைக்குள்ள புகை அடைச்சு மூச்சு முட்டுமாம், ஈரத் துண்டை மூஞ்சில கட்டிக்கிட்டு குனிஞ்சு நிப்பாங்களாம், பின்னாடி பேங்கர்ல இருக்கவன் பாடுதான் ரொம்ப மோசம், அவன் தன் புகையையும் முன்னாடி இன்ஜின் புகையையும் சேத்துல்ல குடிக்கணும். இப்ப மேல கரண்ட் கம்பி ஓடுது. அவரு அந்தக் கம்பியவே பாத்துக்கிட்டு வந்தாவ.

கழுதுருட்டி பக்கத்துல பதிமூணு கண்ணறைப் பாலம். 1904ல இந்த லைன் போட்ட காலத்துல கட்டுனது, பதிமூணு வளைவு, முழுக்கக் கல்லு, கீழ ரோட்டுல போற பஸ்ஸுல இருந்து ஜனங்க தலையத் தூக்கிப் பாக்கும். மீட்டர் கேஜுக்குக் கட்டுன பாலம், அதாவது தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு மீட்டர்தான் அகலம், இப்ப பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர், அவ்வளவு பெரிய வண்டி மேல போகுது, பாலத்த இடிக்கல, கான்கிரீட் போட்டு பலப்படுத்தி அதையேதான் வச்சிருக்காங்க. நூறு வருசத்துக்கு மேல ஆன கல்லு அது. அந்தக் கல்லுக்காரங்க பேரு யாருக்கும் தெரியாது, எனக்கு அதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு.

2010 செப்டம்பர்ல பிராட் கேஜா மாத்துறதுக்கு இந்த லைன மூடுனப்ப உனக்கு ஞாபகம் இருக்கும், நாம கடைசியா ஒரு தடவ போய்ட்டு வந்தோம், தாத்தா அழுதாங்க. குகையெல்லாம் அகலமாக்கணும், பாலமெல்லாம் மாத்தணும்னாங்க, ஒரு வருசம், ரெண்டு வருசம்னு சொல்லிச் சொல்லி 2018 ஜூன்லதான் முழுசா தெறந்தாங்க. எட்டு வருசம் பாப்பா. கொல்லம் மெயில் போச்சு, ஊரே ஓய்ஞ்சு போச்சு, இனிமே வராது, காட்டுக்குள்ள எவன் செலவு பண்ணுவான்னுதான் ஊர்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க. தாத்தா தெறந்தத பாக்காமயே போய்ட்டாங்க. அதனாலதான் இந்தப் பசங்க மேல எனக்கு அவ்வளவு பாசம் வந்துருச்சு. மீட்டர் கேஜ் ஓடுனப்ப இதுல பாதிப் பேரு கைப்புள்ள, ஆனாலும் எந்த ஸ்டேஷன்ல பழைய பிளாட்பாரம் எங்க இருந்துச்சு, தண்ணித் தொட்டி எங்க இருந்துச்சுன்னு அண்ணாச்சியக் கேட்டுக் கேட்டு எழுதிக்கிறானுக. நம்ம தாத்தா சொன்னதெல்லாம் நானும் சொன்னேன், ஒருத்தன் ரெக்கார்ட் பண்ணிக்கிட்டான். நம்ம வீட்டுக்காரங்களே அப்படி உக்காந்து கேட்டதில்ல.

தென்மலை தாண்டி புனலூர் வரும்போது நல்லா நனைஞ்சுட்டோம், கதவ யாரும் மூடல. புனலூர்ல பேங்கரக் கழட்டுனாங்க, அதையும் எறங்கி நின்னு பாத்தோம். கொல்லம் போனதும் எல்லாருக்கும் சூடா சாயாவும் பழம்பொரியும், அப்புறம் ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸ்ல திரும்பி தென்காசியில எறங்கி சித்தி வீட்டுக்குப் போய்ட்டேன். இருட்டுல ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காத, வளைவுல திரும்பும்போது முன்னாடி பெட்டி வெளிச்சமெல்லாம் வரிசையா மரத்து மேல விழும், தூக்கமே வரல.

இப்ப நான் கேக்குறது இதுதான். அடுத்த தடவ திருவனந்தபுரத்துல பிளைட் எறங்கி அங்கேர்ந்தே கார் போட்டு வராத. கொல்லத்துக்கு வந்து ஒரு ராத்திரி தங்குங்க, நானும் அப்பாவும் அங்க வந்துர்றோம், மத்தியானம் கெளம்புற வண்டியில ஏறுனா காடு முழுக்கப் பகல்லயே வரும். அந்தப் பக்கத்துல இருந்து வந்தா புனலூர்ல இருந்தே ஏத்தம், பேங்கர் தள்ற சத்தம் ரொம்ப நேரம் கேக்கும், பேரனுக்கு அது வேணும், அவன் அங்க பாக்குற ட்ரெயினெல்லாம் சத்தமே இல்லாம போகுதுன்னு நீதான சொன்ன. ஜூலையில வந்தா சாரலும் இருக்கும், குத்தாலத்துலயும் தண்ணி இருக்கும். மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்காட்டி நீங்க ரெண்டு பேரு வாங்க போதும்.

ரிசர்வேஷன் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் தெறக்குது, முன்ன மாதிரி 120 நாள் இல்ல. அதனால லீவு தேதிய சீக்கிரம் சொல்லு, கடைசிப் பெட்டியில ஜன்னல் சீட்டா கேட்டு போடச் சொல்றேன், பேங்கர் பக்கத்துல இருக்கும்ல.

அம்மா