தேடிப் போனவரை விட்டுவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தென் திருவிதாங்கூரில் மிஷனரிகள் ஆற்றிய பணி குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 1806-இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து சேர்ந்ததில் தொடங்குகிறது. ஆனால், சிதம்பர யாத்திரை போன இடத்தில் மனம் மாறி, தஞ்சாவூரில் மிஷனரிகளைச் சந்தித்து, ரிங்கல்தௌபேயை இங்கே வரவழைக்கக் காரணமாக இருந்த மயிலாடி வேதமாணிக்கத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த லேஸ் பின்னலுக்கும் அதே கதிதான். பாறசாலையில் எங்கள் அப்பாவின் தாயார், உருளைத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, குண்டூசிகளுக்கு நடுவே நூல் சுற்றிய மரக்கட்டைகளைக் கடகடவென்று மாற்றிப் போட்டுப் பின்னுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மால்ட் அம்மையார் காலத்தில் இந்தத் தொழிலில் ஈட்டிய காசைக் கொடுத்தே தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்களும் உண்டு.

1859-இல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதி அளித்த திருவிதாங்கூர் அரசாணையை மிஷனரிகளின் வெற்றி என்று மட்டும் எழுதியிருப்பதும் சரியன்று. தெருவில் அடிபட்டும் மேலாடையைக் கழற்றாத நாடார் பெண்களின் போராட்டம் அது. அந்த ஆணையும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது (இதையும் கட்டுரையாளர் சொல்லவில்லை). தொடரின் அடுத்த பகுதியிலாவது இவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாறசாலை.