சந்தனக் காதுக் குட்டி

அன்புள்ள தாயி,

நீ கேட்ட குட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேரன் பிடுங்கிக்கொள்வான், மாப்பிள்ளை நலம் விசாரிப்பார், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன்.

"சுத்த வெள்ளையா, மூக்கு ரோஸ் கலரா இருக்கணும்ப்பா" என்று கேட்டாய். இந்த ஈத்தில் அப்படிக் குட்டிகள் இருக்கின்றன. ஆனால் உனக்கென்று நான் ஒதுக்கி வைத்திருப்பது இடது காதில் சந்தன நிறத் திட்டு உள்ள பெட்டைக்குட்டி. கோபப்படாதே. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் சொல்.

நம் ராஜபாளையம் நாய்க்கு வெள்ளைதான் அடையாளம். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண். 2005 ஜனவரி 9-ஆம் தேதி தபால் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோல், ராம்பூர், இமயமலை நாயோடு நம் நாயும் இடம்பிடித்தது. அந்தத் தபால்தலையை நான் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதை நீ பார்த்திருக்கிறாய். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த வெள்ளைக்கு நாய்கள் கொடுக்கிற விலை பெரிது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், ஒலியை வாங்குகிற நுண்ணிய செல்கள் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே செத்துப்போகும். அதன் பிறகு எந்த வைத்தியமும் கிடையாது. டால்மேஷியன் நாய்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் பல வருஷம் சோதித்துப் பார்த்ததில் ஏறக்குறைய 30 சதவீத நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. பிறக்கும்போதே உடம்பில் பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கிற டால்மேஷியன்களிடம் செவிடு குறைவு என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தத் திட்டு இருந்தால் கண்காட்சியில் தகுதி கிடையாது. நம் ஊரிலும் அதே நியாயம்தான் நடக்கிறது.

உன் தாத்தா காலத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. மலையடிவாரத்தில் மாந்தோப்பு. இருட்டினால் காட்டுப்பன்றி இறங்கிவிடும். நாய் இல்லாமல் காவல் இல்லை. கேட்காத குட்டி காவலுக்கு ஆகாது என்று அதைக் கிணற்றில் போட்டவர்கள் உண்டு. சாக்கில் கட்டி மெயின் ரோட்டில் விட்டவர்களும் உண்டு. திட்டு விழுந்த குட்டிக்கும் பல வீடுகளில் அதே கதிதான், அது கலப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். வெள்ளையாக இருந்து கேட்காமல் போனாலும் சாவு, கேட்டும் வெள்ளையாக இல்லாமல் போனாலும் சாவு. சின்ன வயதிலேயே எனக்கு அது பொறுக்கவில்லை. நான் நாய் வளர்க்க ஆரம்பித்ததே அதனால்தான்.

பஞ்சுவை உனக்கு நினைவிருக்குமா? நீ ஒன்றாம் வகுப்பு போன சமயம். இரண்டு காதும் கேட்காது. அவள் எப்படிப் படுப்பாள் தெரியுமா? நம் கயிற்றுக் கட்டிலின் காலோடு முதுகை ஒட்டிக்கொண்டுதான் படுப்பாள். கட்டிலில் யாராவது புரண்டால்கூட அந்த அதிர்வில் தலையைத் தூக்கிவிடுவாள். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் குதிகாலால் இரண்டு தட்டு. ராத்திரி தோப்பில் டார்ச்சை அணைத்து அணைத்துக் காட்டினால் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். உட்கார், நில், வா எல்லாமே கையால்தான். தூங்கும்போது மட்டும் யாரும் அவளைச் சட்டென்று தொடக்கூடாது என்று உனக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தோம், திடுக்கிட்டால் கடிக்கும் என்று. நீ முகத்துக்கு முன்னால் கையை வைத்து, அவள் மோந்து பார்த்து முழித்த பிறகே தொடுவாய். அவளுக்கு ஆபரேஷன் செய்து குட்டி போடாமல் பார்த்துக்கொண்டேன். கடைசி வரை நம்மோடுதான் இருந்தாள். செவிட்டு நாய் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதே இல்லை. அவளைப் பார்த்தாலே போதும்.

குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பதில்தான் என் வாழ்க்கையில் பாதி போயிருக்கிறது. கையைத் தட்டிப் பார்த்து "கேட்குது" என்று விற்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கை தட்டினால் காற்று படும், நிழல் ஆடும். தட்டைக் கீழே போட்டால் தரை அதிரும். குட்டி திரும்புவது அதற்காகவும் இருக்கலாம். எல்லாக் குட்டியையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலும் பயனில்லை. ஒன்று தலை தூக்கினால் கேட்காததும் தூக்கும். ஐந்து வாரம் ஆனதும் ஒவ்வொன்றாகத் தனியே எடுத்து, பால் குடித்துவிட்டு அசந்து தூங்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உன் அம்மா விசில் ஊதுவாள். நான் இந்தப் பக்கம் குட்டியின் காது மடலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்கிற குட்டிக்கு முதலில் கண் திறக்காது, காது மடலின் அடிப்பகுதி லேசாகத் துடிக்கும். அந்தத் துடிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தப் பரீட்சையில் தேறிவிடும். அதைக் கண்டுபிடிக்க, தலையில் மெல்லிய ஊசி முனைகளை வைத்து, காதுக்குள் டிக் டிக் என்று ஒலி கொடுத்து மூளையின் அலையைப் பார்க்கிற மெஷின் வேண்டும். ஒற்றைக் காது நாயைச் செவிடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதை இணை சேர்த்தால் அடுத்த தலைமுறையில் வந்து நிற்கும். அதனால்தான் நான் நோட்டு போட்டேன். தாய் யார், தகப்பன் யார், எத்தனை குட்டி, எதற்குக் கேட்டது, எதற்குக் கேட்கவில்லை, எந்த வீட்டுக்குப் போனது, போன வீட்டில் அது போட்ட குட்டிகள் எப்படி, எல்லாம் அதில் இருக்கிறது. கேட்காத குட்டிகள் அதிகம் விழுந்த ஜோடியை மறுபடி சேர்க்கவே மாட்டேன், அது எவ்வளவு அழகான ஜோடியாக இருந்தாலும். காதில் திட்டு இருந்தால் கட்டாயம் கேட்கும் என்று சொல்ல முடியாது, அதையும் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் என் நோட்டைப் பொறுத்தவரை திட்டுக் குட்டிகள் என்னை ஏமாற்றியது குறைவு.

கண்காட்சிக்குப் போவது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். மே மாசம் ஊட்டிக்குப் போவோமே. அந்தக் குளிரில் முதல் நாள் ராத்திரியே வெந்நீரில் குளிப்பாட்டி, நகம் வெட்டி, செம்மண் கறை போக முழங்கால் வரை நீ தேய்த்துக் கொடுப்பாய். ஜெர்மன் ஷெப்பர்டும் கிரேட் டேனும் லேப்ரடாரும் வரிசையாக நிற்கும். நாட்டு நாய் கொண்டு வந்தவர்கள் ஒரு ஓரத்தில் நாலைந்து பேர் இருப்போம். கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். நம் நாய்க்கு ரிங்கில் பெரிய இடைஞ்சலே நடுவர் தொடுவதுதான். வாயைத் திறந்து பல் வரிசை பார்ப்பார், விலாவில் கை வைப்பார், பின்னங்காலைத் தடவுவார். ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்கிற ஜாதி இது, அந்நியன் கை பட்டால் உறுமும். அதற்காகத்தான் தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குக் கூட்டிப்போவேன். டீ குடிக்க வருகிற ஆட்களை "கொஞ்சம் தடவிக் குடுங்கண்ணே, வாயைத் திறந்து பாருங்கண்ணே" என்று கேட்பேன். முதலில் பயப்பட்டார்கள், பிறகு அவர்களே பல் எண்ணிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அப்படிப் பழகிய நாய்தான் வீரன். முக்கோணமாக ஓடிவரச் சொன்னபோது அவன் ஓடிய ஓட்டம்! முதுகு ஆடாது, தலை தாழாது, நான் ஓடுகிறேனா அவன் என்னை இழுக்கிறானா என்றே தெரியாது. அந்த வருஷம் வந்த கோப்பைதான் இன்னும் டிவி மேல் இருக்கிறது.

அதே ரிங்குக்குப் பிறகு சந்தனத்தையும் கொண்டுபோனேன். வீரனின் மகள். காலும் நடையும் அப்பனைப் போலவே, நெஞ்சு அவனைவிட ஆழம். இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், காதில் சந்தனத் திட்டு. நடுவர் அதைப் பார்த்ததும் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். வெளியே வந்ததும், இந்த மாதிரி நாயை ஏன் கூட்டி வந்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். கேட்கிற நாய் என்று காட்டத்தான் சார் என்றேன். அவர் விதிப்படிதான் செய்தார், எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. ஆனால் அன்றைக்கு முடிவு பண்ணினேன், கோப்பைக்காக என் ஈத்தை மாற்றுவதில்லை என்று. சந்தனத்தின் குட்டிகள்தான் நம் வீட்டு வம்சம். உனக்கு வரப்போவதும் அதே வழிதான்.

2020 ஆகஸ்ட் 30-ஆம் தேதி பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசும்போது ராஜபாளையத்தின் பேரையும் சொன்னார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் போன் ஓயவில்லை. நல்லதுதான், அழிந்துபோகும் என்று பயந்த இனம் பிழைத்தது. ஆனால் கேட்பவர்களில் பலர் கேட்பது வெள்ளையை மட்டும்தான். அந்தக் கேள்விக்கு ஏற்ற மாதிரி இரண்டு வெள்ளையைச் சேர்த்துக் குட்டியாக்கி விற்கிற கூட்டமும் கிளம்பிவிட்டது. வாங்கிப்போனவர் இரண்டு மாசம் கழித்து "சொன்ன பேச்சுக் கேட்க மாட்டேங்குது, திமிர் பிடிச்ச நாய்" என்று தெருவில் விட்டுவிடுகிறார். அதற்குக் காது கேட்காது என்பதே அவருக்குத் தெரியாது. என் மகள் வீட்டிலும் அதே வெள்ளை ஆசை வந்ததுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். வேறு யாரிடமாவது சொல்லியிருப்பேனா தெரியவில்லை, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தோப்பில் கிழக்கு வேலி ஓரம் வரிசையாகக் கல் நட்டிருக்கிறேனே, அதைப் பார்த்து ஊரில் சிலர் நாய்க்குக் கல்லா என்று கேட்பார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த வீரனுக்கு வைத்த கல். அவன் பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பேரையும் வெட்டி, கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1,400 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் பேரைக் கல்லில் எழுத வேண்டும் என்று நம் ஆட்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஒருமுறை நேரில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் பஞ்சுவின் கல்லிலும் பேரை வெட்டச் சொன்னேன். அடுத்தது வீரன். பிறகு சந்தனம், அவள் பிள்ளைகள். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் உன் அம்மா உன் தாத்தாவுக்குப் படைக்கிற சோற்றில் ஒரு உருண்டை அங்கேயும் வைப்பாள். நான் சொல்லி அவள் செய்யவில்லை.

சரி, குட்டி விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வாரம் முடிந்துதான் அனுப்புவேன். அதற்கு முன்னால் தாயைப் பிரித்தால் கடியை அடக்கப் பழகாது. முதல் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் இங்கேயே போட்டாயிற்று. மிச்சத் தடுப்பூசி மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை உண்டு. மூன்று மாசம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி. தடுப்பூசி முடிகிற வரை தெருவில் இறக்காதே, பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் இரண்டு நாளில் குட்டி கையை விட்டுப் போய்விடும். கேப்பைக் கூழும் முட்டையும் பழக்கியிருக்கிறேன், கோழியை வேகவைத்து எலும்பை நீக்கிப் போடு. வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் பேரன் கையிலிருந்து போய்விடாமல் பார்த்துக்கொள். வளர்ந்த பிறகு விலா லேசாகத் தெரியத்தான் செய்யும், பக்கத்து வீட்டார் பட்டினி போடுகிறாயா என்று கேட்பார்கள், அதற்காகக் கொழுக்க வைக்காதே. மூக்கும் காது நுனியும் வெயிலில் வெந்துபோகும், உச்சி வேளையில் நிழலில் கட்டு. எப்போதாவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், இது கொழுப்பில்லாத வேட்டை நாய் ஜாதி என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு, மருந்தின் வகையையும் அளவையும் அவர் பார்த்துக் கொடுப்பார். ஓசூரில் உனக்குத் தனி வீடு, சுற்றுச்சுவர் இருக்கிறது என்பதால்தான் சரி என்றேன். பிளாட்டாக இருந்தால் மகளாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். சுவரை மட்டும் இன்னும் இரண்டடி ஏற்று, இப்போதைய உயரத்தை இவள் ஒரு வயதிலேயே தாண்டிவிடுவாள்.

வருகிற ஞாயிறு நானே காரில் கொண்டுவருகிறேன். தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டு கூடவே வரும், அதைத் துவைத்துவிடாதே, முதல் சில ராத்திரி அந்த வாசனையில்தான் தூங்கும். பேர் நான் வைக்கவில்லை. நீயும் பேரனும் சேர்ந்து வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், நோட்டில் அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா