அவர்கள் தாளில் உன் பென்சில் வேண்டாம்

அன்புள்ள வள்ளி,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் குக்கர், பக்கத்தில் மருந்துச் சீட்டைத் தேடும் உன் அப்பா. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தச் சமூக ஓவியப் பள்ளியில் வாரம் மூன்று நாள் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுகிறார்கள், போனால் என் சொந்த ஓவியம் நின்றுவிடுமா அம்மா என்று கேட்டாய்.

எனக்கு நின்றது. காசிமேட்டில் இந்த மாடி ஓவிய வகுப்பை ஒப்புக்கொண்ட முதல் இரண்டு வருடம் நான் ஒரு கேன்வாஸ்கூட முடிக்கவில்லை. நீ அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். கூடத்தின் மூலையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த சட்டங்கள் உனக்கு ஞாபகம் இருக்கலாம். வகுப்பு என் நேரத்தைத் தின்கிறது என்றுதான் நினைத்தேன். உண்மையில், வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் மற்றவர்களின் படங்களை மனசுக்குள் திருத்திக்கொண்டே இருந்தேன். கை எப்படி எனக்கென்று ஓடும்?

அது எப்படி மாறியது என்று உன்னிடம் சொன்னதே இல்லை. பிளவுஸ் தைக்கும் ஒரு அம்மா சனிக்கிழமைகளில் வருவார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பென்சிலைப் பிடித்ததே மளிகைக் கணக்கு எழுதத்தான் என்பார்கள். ஒருநாள் தன் தையல் மிஷினை வீட்டில் நினைவிலிருந்தே வரைந்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். சக்கரம் கோணலாக, மிஷினைவிடப் பெரிதாக இருந்தது. நான் கொஞ்சமும் யோசிக்காமல் ரப்பரை எடுத்து அழித்து, நாலு கோட்டில் சக்கரத்தைச் சரியாகப் போட்டுக் கொடுத்தேன். நல்லா இருக்கு டீச்சர் என்றார்கள். வகுப்பு முடிந்து பெஞ்சைத் துடைக்கும்போது பார்த்தால் தாள் அங்கேயே கிடந்தது. மூன்று வாரம் ஆள் வரவில்லை. நானே கடைக்குப் போய்க் கேட்டேன். "அது நீங்க போட்ட படம் டீச்சர். நாள் பூரா என் கை அந்தச் சக்கரத்து மேலதான் இருக்கு. எனக்கு அது பெருசுதான்" என்றார்கள்.

வள்ளி, அன்று நான் அழித்தது ஒரு சக்கரத்தை மட்டும் இல்லை. இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாருடைய தாளிலும் என் பென்சில் படாது. பக்கத்தில் ஒரு தாளைப் போட்டு, அவர்கள் பார்க்கும் அதே பொருளை நானும் பார்த்து வரைவேன். நிழல் எங்கே விழுகிறது, கைப்பிடிக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள வெற்றிடம் என்ன வடிவம் என்று பேசிக்கொண்டே வரைவேன். அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள், வேண்டாததை விட்டுவிடுவார்கள். அப்படிப் போட்ட தாள்கள் சேர்ந்துகொண்டே வந்தன. டிபன் பாக்ஸ், செருப்பு, வலைக் குவியல். இரண்டு வருடம் கழித்து நான் முடித்த முதல் கேன்வாஸ் அந்தத் தாள்களில் ஒன்றிலிருந்து வந்ததுதான்.

போன மாதம்கூட, சந்தைப் பலகையில் கிடக்கும் வஞ்சிரத்தை வரைந்துகொண்டிருந்தேன். விசைப்படகில் போகிறவரின் பையன், பன்னிரண்டு வயது, எட்டிப் பார்த்து, "மிஸ், வால் வரைக்கும் குட்டிக் குட்டியா துடுப்பு வரும், நீங்க போடல" என்றான். மறுநாள் விடிவதற்குள் துறைமுகத்துக்குப் போய் எண்ணினேன். முதுகில் மட்டும் ஒன்பது. எத்தனை வருடமாக வஞ்சிரம் வாங்குகிறேன், வரைகிறேன்!

நான் படித்த எழும்பூர் ஓவியக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர் 1957-இல் அதே நாற்காலிக்கு வந்தார். மலையாள எழுத்தும் ஜாதகக் கட்டமும் கலந்த அவருடைய அந்த ஓவிய வரிசை இருக்கிறதே, அதை அவர் தொடங்கியது 1963-இல், முதல்வராக இருக்கும்போதே. 1966-இல் அவரும் மாணவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பத்திக் துணி செய்து விற்றுத்தான் நிலத்துக்குப் பணம் சேர்த்தார்கள். நீ பயப்படும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணிகள்தான் ஞாபகம் வருகின்றன.

சரி, போவதற்கு முன் இரண்டு விஷயம் பேசிவிடு. சமூகப் பள்ளி என்றால் சேவைதானே என்று சம்பளத்தை இழுத்தடிப்பார்கள். தாளும் வண்ணமும் யார் செலவு, பணம் எந்தத் தேதியில் வரும் என்று வெளிப்படையாகக் கேள். பிள்ளைகளுக்கு மட்டமான தாள் வாங்கினால் சண்டை போடு. ஒரு தடவை தண்ணீர் பட்டதும் சுருண்டுபோகும் தாளில் எந்தக் குழந்தைக்கும் வாட்டர்கலர் பிடிக்காது. அப்புறம், வகுப்பு இருக்கிற நாளில் காலை ஆறிலிருந்து எட்டரை வரை உனக்கு. அந்த நேரத்தில் போனை எடுக்காதே, என் போனாக இருந்தாலும்.

என் பழைய வரைபலகையையும் கிளிப்புகளையும் பார்சலில் அனுப்புகிறேன். கூடவே அந்தத் தையல் மிஷின் படம் ஒன்று இருக்கும். அந்த அம்மா மறுபடி வந்து வரைந்தது, அதே பெரிய சக்கரம். உனக்குக் காட்டுவதற்காகக் கேட்டு வாங்கியிருக்கிறேன், பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. காலையில் அந்தப் பையன் கடம்பா கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
அம்மா