ஆண்டறிக்கை 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் ஒன்று போண்டாவுக்காகவே கூடியது என்று பதிவேட்டில் எழுதவில்லை.

ஆண்டின் பெரும்பகுதி, சென்னைத் துறைமுகத்துச் சரக்குக் கப்பல்களின் பழைய படங்களுக்குக் காலம் கணிப்பதிலேயே போயிற்று. ராயபுரத்து வீடுகளிலிருந்து வந்த படங்களில் பாதிக்கு மேல் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. படத்துக்குள்ளேதான் துப்புத் தேடினோம். கப்பல்கள் நுழையும் துறைமுகத்தின் வாய் கிழக்கே திறந்திருந்தால் படம் நூறாண்டு தாண்டியது. 1904 முதல் 1919 வரை போர்ட் டிரஸ்ட் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் அதை அடைத்து வடகிழக்கில் வாய் வைத்தார்கள். கப்பல்கள் நிற்கும் ஜவஹர் டாக் தெரிந்தால் 1964-க்குப் பிந்தியது. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைமீது குண்டு வீசிய 1914 செப்டம்பரில் எடுத்தது என்று ஒரு படத்தைப் பெருமையோடு தந்தார்கள். அதன் ஓரத்தில் கன்டெய்னர் கிரேன் நிற்கிறது. கன்டெய்னர் முனையம் வந்தது 1983-இல்.

ஒரு படம் மட்டும் மூன்று கூட்டங்களைத் தின்றது. கப்பலின் புகைபோக்கி முழுக்கக் கறுப்பு. சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர், "இது கிளான் லைன் கப்பல்" என்றார். அந்தக் கம்பெனிக்குக் கறுப்பில் இரண்டு சிவப்புப் பட்டை உண்டே, எங்கே என்று நான் மறுத்தேன். "அந்தக் காலத்துப் பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது தம்பி, கறுப்பாகத்தான் விழும்" என்றார். உண்மைதான். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் இரண்டு வெள்ளைப் பட்டை என்றால் எந்தப் பிலிமிலும் பளிச்சென்று தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கப்பலின் முன்பக்கம் 'கிளான்' என்ற எழுத்துகள் மட்டும் தெரிந்தன. மீதிப் பெயரைச் சரக்குப் படகு ஒன்றின் பாய் மறைத்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டதும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

வருத்தமான செய்தி ஒன்று. பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு, கப்பலருகே அலையில் எழும்பும் அபூர்வப் படத்தை ஓர் உறுப்பினர் நல்லெண்ணத்தில் லேமினேஷன் செய்துவந்தார். சூட்டில் கொப்பளம் கிளம்பி, படகோட்டிகளின் முகம் போய்விட்டது. இனி எந்தப் படத்தையும் லேமினேஷனுக்குக் கொடுக்க வேண்டாம். பேனாவால் எழுதவும் வேண்டாம். பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் போதும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்பது அவர்களுக்கே தெரியும்.

பெயர் தெரியாத கப்பல்களின் படங்கள் வெளியே மேசையில் உள்ளன. அடையாளம் தெரிந்தால் சொல்லுங்கள். போண்டா தின்ற கையோடு தொடாதீர்கள்.

செயலாளர்