மார்ச் 22 கிராம சபை: தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் மனு

வணக்கம் எல்லாருக்கும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 கிராம சபைக்கு இப்போதே தயாராவோம். போன முறை ஆளாளுக்குப் பேசினோம். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. இந்த முறை எழுதி எடுத்துப் போவோம்.

முதல் வேலை கணக்கு. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 18 குடத்துக்கு மேல். நம் காலனியில் ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் கிடைக்கிறது? ஏழு நாள் குறித்து வையுங்கள்: குழாய் திறந்த நேரம், நின்ற நேரம், பிடித்த குடம். தண்ணீர் பிடிக்கும் அக்காமாரே எழுதட்டும், அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

அப்புறம் கழிப்பறை. 12,000 ரூபாய் மானியத்தில் கட்டியதில் பாதி இப்போது விறகு அடுக்கத்தான் உதவுகிறது. தண்ணீர் இல்லாமல் யார் போவார்கள்? அதனால் இரண்டையும் ஒரே மனுவில் கேட்போம்.

டேங்க், மோட்டார் செலவு விவரத்துக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு இந்த வாரமே போகட்டும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

ஞாயிறு மாலை 5 மணி, வேப்பமரத்தடி. பெண்கள் கட்டாயம் வாருங்கள். சபையில் யார் பேசுவது என்று அங்கே முடிவு செய்வோம். வர முடியாதவர்கள் குடக் கணக்கை இங்கேயே போட்டோ எடுத்துப் போடுங்கள். குட் மார்னிங் படங்கள் மட்டும் ஒரு வாரம் வேண்டாம்.