டேப்லெட்டோடு பேனாவும் கொடுங்கள்: கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வரும் கல்வியாண்டிலிருந்து முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் டேப்லெட் கொடுப்பதென்று முடிவெடுத்திருக்கிறீர்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். மூன்று பருவங்களாக முதலாண்டுக் கணிதத்தை டேப்லெட் வைத்து நடத்திவருகிறேன்; இனி அது இல்லாமல் நடத்தச் சொன்னால் வருத்தப்படுவேன். ஆனால் சுற்றறிக்கையைப் படித்து முடித்தபோது மனம் கலங்கிவிட்டது. பாடநூல்கள் பிடிஎஃப்பாக ஏற்றித் தரப்படும், வருகைப்பதிவு அதில், வாராந்திரத் தேர்வு அதில் என்று எல்லாம் இருக்கிறது. திரையில் எழுதும் பேனாவைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

சென்ற பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சங்கிலி விதி, அதாவது சார்புக்குள் சார்பு இருந்தால் வெளியே இருப்பதை வகையிட்டு, உள்ளே இருப்பதையும் வகையிட்டு அதனால் பெருக்கும் விதி, நடத்திவிட்டு, எக்ஸ் வர்க்கத்தின் சைனை வகையிடச் சொன்னேன். எல்லோரும் டேப்லெட்டில் கையால் எழுதி அனுப்பினார்கள். ஒவ்வொரு பக்கமும் என் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக வந்து நின்றது. பாதிப் பேருக்குத் தவறு. ஆனால் ஒரே தவறு இல்லை. சிலர் கொசைன் எக்ஸ் வர்க்கம் என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருக்கும் சார்பை வகையிட வேண்டும் என்பதே நினைவில்லை. வேறு சிலர் கொசைன் 2எக்ஸ் என்று எழுதியிருந்தார்கள். இவர்கள் உள்ளே இருப்பதை வகையிட்டார்கள், வெளியே பெருக்காமல் அங்கேயே வைத்துவிட்டார்கள். முதல் கூட்டத்துக்கு விதியை நினைவூட்டினால் போதும். இரண்டாவது கூட்டத்துக்குச் சார்புக்குள் சார்பு என்றால் என்ன என்பதே இன்னும் பிடிபடவில்லை. ஒரு பக்கத்தைப் பெயரை மறைத்துத் திரையில் போட்டேன். வகுப்பே சேர்ந்து எந்த இடத்தில் தடம் மாறியது என்று தேடியது. அந்தப் பக்கத்தை எழுதிய பெண் வகுப்பு முடிந்ததும் வந்து, "அது என்னோடதுதான், இப்பப் புரிஞ்சிருச்சு" என்றாள்.

நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லும் தேர்வு ஆப்பில் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்காது. பாதிப் பேர் தவறு என்று ஒரு வண்ணப் பட்டை வந்திருக்கும், அவ்வளவுதான். பள்ளியில் விடையை மனப்பாடம் செய்தே வந்துவிட்ட பிள்ளைகள் முதலாண்டில்தான் முதன்முதலாகத் தடுமாறுகிறார்கள். கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அவர்கள் எழுதிய வரிகளைப் பார்த்தால்தான் எங்கே தடுமாறுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். பெரிய வகுப்பில் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பார்க்க யாராலும் முடியாது.

ஆகவே பேனா வேண்டும். பேனா என்றால் ரப்பர் முனை வைத்த குச்சி இல்லை. அதில் கை திரையில் படாமல் தூக்கிப்பிடித்து எழுத வேண்டும். எழுத்து பெருத்து மூன்று வரியில் பக்கம் நிரம்பிவிடும். அடுக்குக்குறி எது, பெருக்கும் எண் எது என்று எழுதியவருக்கே தெரியாது. உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதினாலும் கோடு இழுக்காத டேப்லெட்டும் அதற்குரிய ஸ்டைலஸ் பேனாவும் வாங்குங்கள். பணம் போதாதென்றால் திரை அளவையோ நினைவகத்தையோ குறைத்துக்கொள்ளலாம்.

விசைப்பலகையைவிடக் கையால் குறிப்பெடுப்பது நல்லது என்று காட்டிய 2014ஆம் ஆண்டு ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2019இல் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவான வித்தியாசம் வரவில்லை. அதனால் அதை வைத்து நான் வாதாடவில்லை. பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் வரைபடத்தையும் வகுப்பு ஓடும் வேகத்தில் தட்டச்சு செய்ய முடியாது என்பதே எனக்குப் போதும்.

கவனம் சிதறும் என்று எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகத்தில் பொருளாதார வகுப்புகளில் செய்த சோதனை 2017இல் வெளியானது. மடிக்கணினியும் டேப்லெட்டும் அனுமதித்த வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. டேப்லெட்டை மேசையில் படுக்கவைத்தே பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்த வகுப்புகளிலும் ஏறக்குறைய அதே அளவு குறைவுதான். அதைப் படித்த பிறகு என் வகுப்பில் கணக்குப் போடும் கால் மணி நேரத்துக்கு மட்டும்தான் டேப்லெட் திறந்திருக்கும். மற்ற நேரம் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிடுவேன். வருகைப்பதிவையும் அறிவிப்பையும் அதிலேயே வைத்தால் அதை எப்படி மூடச் சொல்வது? தயவுசெய்து அவற்றை வேறு வழியில் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை வகுப்பு ஆசிரியரிடம் விடுங்கள்.

அப்புறம், அழிப்பது. டேப்லெட்டில் அன்டூவைத் தொட்டால் தவறு தடயமில்லாமல் மறைந்துவிடுகிறது. காகிதத்தில் அடித்த வரியாவது தெரியும். அதனால் அழிக்காதீர்கள், குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரியில் எழுதுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பழக இரண்டு வாரம் ஆகிறது. ஆசிரியர்களுக்கு நீங்கள் ஏற்பாடு செய்யும் பயிற்சியில் எந்தப் பட்டன் எங்கே என்பதோடு நிறுத்தாமல் இதுமாதிரி விஷயங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பாடநூல் பிடிஎஃப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேன் செய்த பக்கங்களை அப்படியே ஏற்றினால் பார்வையற்ற மாணவருக்கு அது வெறும் படம். திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் அதைச் சரியாக வாசிக்காது. எழுத்துகளாக உள்ள கோப்பையே பதிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். பருவத் தேர்வு மூன்று மணி நேரம் காகிதத்தில்தான் என்றால், வீட்டுக்கணக்கில் பாதியாவது காகிதத்திலேயே இருக்கட்டும்.

கொள்முதல் முடிவாவதற்கு முன் உங்களில் இரண்டு மூன்று பேராவது என் வகுப்புக்கு வாருங்கள். செவ்வாய்க்கிழமை முதல் வகுப்பு. கடைசி வரிசையில் இடம் இருக்கும். பிள்ளைகள் எழுதுவதையும் நான் அதைப் பார்த்துப் பாடத்தை மாற்றுவதையும் நேரில் பாருங்கள். என்னிடம் கூடுதலாக ஒரு டேப்லெட் இருக்கிறது. நீங்களும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
முதலாண்டுக் கணித ஆசிரியர்